பத்து இலத்திரன்கள்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, பொலன்னறுவை எல்லையை ஒட்டி, அம்பன் கங்கைப் பள்ளத்தாக்கில் எலஹெர இரத்தினக் களம் பரந்து கிடக்கிறது. குழி தோண்டுவோர் ‘இல்லம்’ என வழங்கும் சரளையை நீரில் அரித்தெடுத்தால் நீலக்கல்லும் ஸ்பினெல்லும் கிடைக்கின்றன. முன்னது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. பின்னதில் மகனீசியமும் உண்டு. செந்நிற ஸ்பினெல்லை உலகம் நெடுங்காலம் மாணிக்கமென்றே மயங்கியது. பிரித்தானிய மணிமுடியில் ஒளிரும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ உண்மையில் ஸ்பினெல்லே. 1783இல் பிரெஞ்சு அறிஞர் ரோமே த லீல் இவ்விரண்டையும் பிரித்தறிந்தார்.

கண்ணின் மயக்கம் தீர்ந்தது. ஆனால் இக்கற்களுக்குள் வேறோர் ஒற்றுமை மறைந்திருந்தது. 1916இல் ஜெர்மானியரான கொசெல், அணுக்கள் இலத்திரன்களை இழந்தோ ஏற்றோ அருமந்த வாயுக்களின் அமைப்பை எய்துகின்றன என்றார். பன்னிரண்டு இலத்திரனுடைய மகனீசியம் இரண்டையும், பதின்மூன்றுடைய அலுமினியம் மூன்றையும் இழக்கின்றன. எட்டுடைய ஒட்சிசன் இரண்டை ஏற்கிறது. மூன்று அயன்களிலும் எஞ்சுவன பத்து. நியோன் வாயுவின் அணுவிலும் அதே பத்து! 1919இல் அமெரிக்கரான லாங்மியூர் இத்தகைய அயன்களையும் அணுக்களையும் ஒரே வகையாக வரிசைப்படுத்தினார்.

ஆயினும் அவை ஒரே பருமனுடையன அல்ல. கருவின் நேரேற்றம் மிகுந்தால் அதே பத்தும் நெருக்கி இழுக்கப்படும். ஆகவே ஒட்சிசன் அயன் பெரிது, மகனீசியம் சிறிது, அலுமினியம் இன்னும் சிறிது.

இவ்வொற்றுமை ஆய்வாளரைச் சோதிக்கவும் செய்தது. 1915இல் பிராக், நிஷிகாவா இருவரும் தனித்தனியே எக்ஸ் கதிரால் ஸ்பினெல்லின் அமைப்பைக் கண்டனர். எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவையோ இலத்திரன்கள். எண்ணிக்கை ஒன்றானால் மகனீசியம் எங்கே, அலுமினியம் எங்கே என்று எளிதில் தெரியாது. நியூத்திரன்கள் கருவினால் சிதறுவன. 1952இல் பேக்கன் என்பார் அவற்றைக் கொண்டே ஸ்பினெல்லை ஆராய்ந்தார்.

அதே 1952இல், கபில நிற ஒலிவீன் எனக் கருதப்பட்டுவந்த இலங்கைக் கல்லொன்று புதிய கனிமமென லண்டனில் கிளாரிங்புல், ஹே ஆகியோரால் நிறுவப்பட்டது. ஒலிவீனில் இரண்டு மகனீசியமும் ஒரு சிலிக்கனும் இருக்க, இதில் மகனீசியம் ஒன்றின் இடத்தில் பத்து இலத்திரனுடைய அலுமினியமும், சிலிக்கனின் இடத்தில் போரனும் அமர்ந்திருந்தன. இத்தீவின் பழம்பெயரால் அதற்குச் சிங்களைட் எனப் பெயரிட்டனர்.