தென்பகுதிச் சமூகக் கலை நிலையம்: மக்கள் கட்டிய ஒரு காட்சிக்கூடம்

ஓவியக் காட்சிக்கூடம் என்றதும் அரசரும் செல்வரும் புரந்த பெருங்கூடங்களே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. எனினும், வரைந்தவர்களும் காண வந்தவர்களும் சில்லறைக் காசு திரட்டி நிறுவிய காட்சிக்கூடங்களும் வரலாற்றில் உள. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1940 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தென்பகுதிச் சமூகக் கலை நிலையம் அத்தகையது. அது தோன்றிய சூழலையும் நிலைபெற்ற வகையையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தென் மாநிலங்களின் இனவொடுக்குமுறைக்கும் வறுமைக்கும் தப்பிக் கறுப்பின மக்கள் வடபுல நகரங்களை நாடினர். 1910 இல் சிக்காகோவில் ஏறத்தாழ 44,000 ஆக இருந்த அவர்தம் தொகை 1940 இல் 277,000 ஐத் தாண்டியது. ஆயினும், கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதைத் தடுத்த உடன்படிக்கைகள் அவர்களை நகரின் தென்பகுதியில் ஒரு குறுகிய நிலப்பரப்பினுள் அடைத்து வைத்தன. அங்கு வாழ்ந்த ஓவியர்க்குத் தம் ஆக்கங்களைக் காட்சிக்கு வைக்க இடம் கிடைப்பது அரிதாயிற்று.

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது றூஸ்வெல்ற் அரசு 1935 இல் கூட்டாட்சிக் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. வேலையற்ற கலைஞர்க்கு ஊதியம் வழங்கிய இத்திட்டத்தின்கீழ் நூறளவிற் சமூகக் கலை நிலையங்கள் தோன்றின. ஆசிரியர், அலுவலர் ஆகியோருக்கான ஊதியத்தை அரசு ஏற்கும். கட்டடத்தை அவ்வூர் மக்களே தேடிக்கொள்ளல் வேண்டும். சுமையாகத் தோன்றிய இந்நிபந்தனையே பின்னர் தென்பகுதி நிலையத்தைக் காத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பத்துச் சத நாணயங்களை ஒரு மைல் நீளத்துக்குச் சேர்ப்பது என்ற பெயரில் நிதி இயக்கம் ஒன்று நடந்தது. பின்னாளில் மார்கிரட் பரோஸ் எனப் புகழ்பெற்ற இளம் ஓவியர் தெருமுனையில் நின்று காசு சேர்த்தார். நடன விழாக்களும் நிதி தந்தன. தானிய வணிகர் ஒருவருக்காக 1890களிற் கட்டப்பட்ட மிச்சிக்கன் வீதி மாளிகை இவ்வாறு வாங்கப்பட்டது. அதன் கீழ்த்தளம் மரப்பலகைச் சுவர்கள் கொண்ட காட்சிக்கூடமாக மாற்றியமைக்கப்பட்டது.

1940 டிசெம்பரில் உள்ளூர் ஓவியரின் படைப்புகளோடு நிலையம் திறக்கப்பட்டது. 1941 மே 7 இல் சனாதிபதியின் துணைவியார் எலினோர் றூஸ்வெல்ற் அதனை முறைப்படி அர்ப்பணித்தார். சாள்ஸ் வைற் முதலிய ஓவியர் இங்கு இயங்கினர். நிலவறையிலிருந்த இருட்டறையிற் பணியாற்றிய கோர்டன் பாக்ஸ் தம் புகைப்படங்களை மேலே காட்சிக்கு வைத்தார். பின்னர் 'லைஃப்' சஞ்சிகையின் முதற் கறுப்பினப் புகைப்படப்பிடிப்பாளரானார். 1941 இல் இங்கு நடந்த கவிதைப் பட்டறையிற் பயின்ற குவென்டொலின் புறூக்ஸ், 1950 இற் புலிற்சர் பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். காட்சிக்கூடம் பயிற்சிக்களமாகவும் விளங்கியதை இவை காட்டுகின்றன.

போர்க்காலத்தில் அரசின் ஆதரவு அருகி, 1943 இற் கலைத் திட்டமே முடிவுற்றது. சிற்பி ஓகஸ்ரா சவேஜ் முதலிற் பொறுப்பேற்று நடத்திய நியூயோர்க்கின் ஹார்லெம் சமூகக் கலை நிலையம் 1942 இலேயே மூடப்பட்டது. தென்பகுதி நிலையத்துக்கும் அந்நெருக்கடி நேர்ந்தது. ஆயின், கட்டடம் மக்களுடையதாக இருந்தது. அரசு அளித்த ஊதியம் நின்றது. மக்கள் அளித்த வீடு நின்றது. இடர்ப்பட்ட ஆண்டுகளிலும் தொண்டர்கள் கதவுகளை மூடவிடவில்லை. 1961 இல் அவ்வீதியிலேயே, நிலையத்துக்கு எதிர்ப்புறமிருந்த தம் இல்லத்தில், மார்கிரட் பரோஸ் கறுப்பின வரலாற்று அரும்பொருளகம் ஒன்றைத் தொடங்கியமையும் இம்முயற்சியின் நீட்சி எனலாம்.

1994 இற் சிக்காகோ நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்நிலையம் இன்றும் அதே வீட்டில் இயங்குகின்றது. படங்களைத் தொங்கவிட அடித்த ஆணிகளின் துளைகள் அம்மரப்பலகைச் சுவர்களில் நிறைந்துள்ளன. எவரும் அவற்றை அடைத்து மறைக்கவில்லை. தமக்குச் சுவர் மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் சுவரில் எழுதிய வரலாறாக அவை நிற்கின்றன.