நெருப்பால் குளிர்ந்த கட்டிடங்கள்

நெருப்பை வைத்துக் குளிர வைக்க முடியுமா? முடியும். பிரான்சைச் சேர்ந்த பெர்டினான்ட் கார்ரே 1859-லேயே வெப்பத்தால் இயங்கும் அம்மோனியா குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கிவிட்டார். பின்னாளில் இந்த வழியைப் பெரிய கட்டிடங்களின் ஏ.சி.க்குப் பெருமளவில் பயன்படுத்திய நாடு ஜப்பான்.

வெறும் கணக்குப் பார்த்தால் எரிவாயு தோற்க வேண்டும். மின்சார சில்லர், ஒரு யூனிட் மின்சாரத்தில் கட்டிடத்திலிருந்து சுமார் 5 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். வாயுவில் ஓடும் நல்ல சில்லர், ஒரு யூனிட் வாயு வெப்பத்தில் சுமார் 1.2 யூனிட்தான் வெளியேற்றும். அதாவது, வாயுவைவிட மின்சாரம் 4 மடங்குக்கு மேல் விலை அதிகமாக இருந்தால்தான் வாயு லாபம்.

பிறகு ஏன் வாயு? 1969-ல் அலாஸ்காவிலிருந்து முதல் எல்.என்.ஜி. கப்பல் ஜப்பானுக்கு வந்தது. நகரங்களில் வாயு அதிகம் விற்றது குளிர்காலத்தில். கோடையில் விற்பனை மந்தம். மின்சாரத்துக்கோ கோடை மதியம்தான் உச்சம். அந்தச் சில மணி நேரத்துக்காகவே மின் நிலையங்கள் கட்ட வேண்டும். பெரிய கட்டிடங்களின் கட்டணமும் அவற்றின் உச்சத் தேவையைப் பொறுத்தே ஏறும்.

2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து. அந்தக் கோடையில் டோக்கியோ, தொஹோகு பகுதிகளின் பெரிய நுகர்வோர் உச்ச நேர மின்சாரத்தை 15% குறைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. இரண்டு வகை சில்லரும் வைத்திருந்த கட்டிடங்களுக்கு ஒரு மாற்று வழி இருந்தது.

எது மலிவு என்பதற்கு ஒரே விடை இல்லை. எந்த நேரத்து மின்சாரம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.