கருவியும் ஆசானும்

கல்வி ஏட்டினால் மட்டும் வருவதன்று. கண்ணாலும் செவியாலும் வருவது. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இன்று வகுப்பறையில் கணிப்பொறியும் திரையும் இணையமும் புகுந்திருப்பதைக் கண்டு நம்மிற் சிலர் வியக்கின்றனர். வேறு சிலர் அஞ்சுகின்றனர். நாம் குடியேறி வாழும் கல்கத்தா நகரின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இவ்விரண்டும் மிகை என்பது புலனாகும். கருவி கொண்டு கற்பிக்கும் முயற்சியை இந்நகரம், 2001-இல் கொல்கத்தா என்று பெயர் மாறுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே கண்டு வந்திருக்கிறது.

பெல்ஜிய நாட்டினரான யூஜின் லஃபோன் பாதிரியார் 1865-ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்து, செயின்ட் சேவியர் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். நூலை மனனம் செய்வதே படிப்பு என்றிருந்த அக்காலத்தில், அவர் சோதனைகளை மாணவர் கண்முன்னே நடத்திக் காட்டினார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ஜகதீச சந்திர போஸ். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கத்தை நிறுவியபோது, லஃபோன் அவருக்குத் துணை நின்று, பொதுமக்களுக்கும் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்.

சர்க்கார் 1904-இல் மறைந்தார். சங்கத்தில் மண்டபமும் இருந்தது. சோதனைக் கருவிகளும் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் பயனின்றிக் கிடந்தன. 1907-இல் நம் தமிழகத்து இளைஞர் ஒருவர் அரசாங்க நிதித்துறையில் அதிகாரியாக இங்கு வந்தார். அலுவலகத்துக்குச் செல்லுமுன்னும் அங்கிருந்து திரும்பிய பின்னும் அவர் பௌபஜார் தெருவிலிருந்த அச்சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். சர் சி. வி. ராமன் என்று பின்னர் உலகம் போற்றியது அவரைத்தான். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ‘ராமன் விளைவு’ வெளிப்பட்டது அவ்விடத்திலேயே. ஆண்டுக்கணக்கில் ஊமையாய்க் கிடந்த கருவி, ஆளும் கை வந்தபோது பேசிற்று. கல்விக் கருவிகள் அனைத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

அடுத்து வந்தது வானொலி. 1927 ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்கத்தா நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1929-இல், பங்கஜ் குமார் மல்லிக் அதில் இசை கற்பிக்க முற்பட்டார். வங்காளத்தில் எண்ணற்ற இல்லங்கள் அவ்வொலிபரப்பினால் இசைப் பள்ளிகளாயின. பாட்டு வாத்தியாரைத் தேடிச் செல்லவோ அமர்த்திக்கொள்ளவோ இயலாதவரும் அதனாற் பயன் பெற்றனர். 1975 வரையில் அவர் அதனை நடத்தினார் என்பதிலிருந்தே மக்கள் அதனை எவ்வளவு விரும்பினர் என்பது விளங்கும்.

நம் சென்னையும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. கழகம் பொருள் முடையால் ஓய்ந்தபின், 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டு, பள்ளிச் சிறுவர்க்கு இசைப் பாடங்களையும் கதைகளையும் ஒலிபரப்பியது.

எனினும் வானொலிக்கு ஒரு குறை உண்டு. அது பேசும், கேளாது. மாணவன் சுருதி பிசகினால் அதற்குத் தெரியாது. பொருள் விளங்காமல் அவன் விழித்தாலும் அதற்குத் தெரியாது. எனவே பள்ளி ஒலிபரப்பின் பயன், வானொலிப் பெட்டியின் அருகே நின்ற ஆசிரியரையே பெரிதும் பொறுத்திருந்தது. முன்கூட்டியே பாடத்தை அறிமுகம் செய்து, முடிந்தபின் வினாக் கேட்டு விளக்கியவரிடம் அது பாடமாயிற்று. பெட்டியைத் திறந்துவிட்டு வாளாவிருந்தவரிடம் அது வெறும் ஓசையாய்க் கழிந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்து, 2001 பிப்ரவரி 17-ஆம் நாள் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயர் தாங்கும் அந்நிறுவனம், முதன்மையாகத் தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மனோரை எண்ணி அமைந்தது. மழலையர்க்குப் படமும் பாட்டும் ஒலியுமாக அமைந்த பாடங்கள் முதல், பட்டப்படிப்பும் மின்னூலகமும் ஈறாக அதில் உள. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வளரும் ஒரு குழந்தை, மதுரையில் வளரும் குழந்தை கேட்கும் அதே ழகரத்தை இன்று கேட்கலாம். நம் பாட்டனார் காலத்தில் இது கனவிலும் கிட்டாத பேறு.

ஆயினும் கருவி எல்லார்க்கும் ஒருங்கே எட்டுவதில்லை. 2020 மார்ச்சு மாதம் நோய்த்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது இதனைக் கண்கூடாகக் கண்டோம். கைபேசி உள்ள வீட்டில் பாடம் நடந்தது. இல்லாத வீட்டில் நின்றது. மேற்கு வங்க அரசு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்குக் கைக்கணினி முதலியன வாங்க ஆளுக்கு 10,000 ரூபாய் வழங்க நேர்ந்தது. அவ்வாறு கருவி கிட்டிய வீட்டிலும், உடனிருந்து கேட்பார் இல்லையேல் பிள்ளையின் கவனம் வேறு வழி சென்றது.

நம் பிள்ளைகள் பள்ளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர்; தமிழுக்கு வீடே பள்ளி. ஒரு தலைமுறை எழுத்தை மறந்தால், அடுத்த தலைமுறை பேச்சையும் மறக்கும். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் நிலையும் இதுவே. ஆதலின் இணையம் தரும் பாடத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருத்தல் தகாது. நாள்தோறும் பத்து நிமிடம் பாடத்தைச் சேர்ந்து கேட்போம். கேட்டதைத் தமிழிலே சொல்லச் செய்வோம். சொன்னதில் இரண்டு வரியைக் கையால் எழுதச் செய்வோம். பிழை நேர்ந்தால் அன்புடன் திருத்துவோம். வானொலியாற் செய்ய இயலாததும், கணிப்பொறி அரைகுறையாகவே செய்வதும் இப்பணிதான். லஃபோன் பாதிரியார் மாணவர் முன் நின்றது போல நாமும் பிள்ளைகளின் அருகே அமர்வோமாயின், இந்நகரில் பிறந்து வளரும் நம் பேரர்களும் தமிழ் படிப்பர்.