கபாலி (திரைப்படம்)

கபாலி, பா. இரஞ்சித் எழுதி இயக்கி 2016 ஜூலை 22 அன்று வெளியான தமிழ்ப் படம். தயாரிப்பு கலைப்புலி எஸ். தாணு, இசை சந்தோஷ் நாராயணன், ஒளிப்பதிவு ஜி. முரளி. கதையின் பெரும்பகுதி கோலாலம்பூரில் நடக்கிறது. வெளியீட்டை ஒட்டி ஏர் ஏசியா ஒரு விமானத்தின்மேல் ரஜினிகாந்தின் உருவத்தை வரைந்து பறக்கவிட்டது. அந்த ஆரவாரத்தை நம்பி அரங்குக்குள் போன ரசிகர் பலருக்குக் குழப்பமே மிஞ்சியது.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 25 ஆண்டு சிறையிருந்து வெளியே வரும் கும்பல் தலைவர் கபாலீஸ்வரன் (ரஜினிகாந்த்), நரைத்த தாடியும் கோட்டு சூட்டுமாக எதிரிகளின் செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்து, கூண்டுப் பறவையைத் திறந்துவிட்டு, ஆட்களை அடித்துப்போடுகிறார். இனி பழிவாங்கல்தான் என்று நிமிர்ந்து உட்காரும்போது படம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. கொல்லப்பட்டதாக அவர் நம்பியிருந்த மனைவி குமுதவல்லி (ராதிகா ஆப்தே) வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிறாள், பேசுகிறாள். அவரைக் கொல்ல அமர்த்தப்பட்ட யோகி (தன்ஷிகா) அவருடைய சொந்த மகள் என்று தெரியவருகிறது. பிறகு அப்பாவும் மகளுமாகக் குமுதவல்லியைத் தேடிச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிறார்கள். எதிரி டோனி லீயுடனான (வின்ஸ்டன் சாவ்) பகை இந்தத் தேடலுக்காகக் காத்திருக்கிறது. தன்னால் குடும்பம் அழிந்தது என்ற குற்றவுணர்வோடு, அப்போது 65 வயதான ரஜினி தயங்கித் தயங்கி நடக்கும் அந்தப் பகுதிதான் படத்தின் உயிர். சண்டைகளும் டோனி லீயும் ஏற்கெனவே பார்த்துப் பழகியவை.

கபாலியின் இளமை ரப்பர் தோட்டத்தில் தொடங்குகிறது. சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலியே தமிழருக்கும் வேண்டும் என்று அவர் போராடுகிறார். மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தாருக்கு இது கேள்விப்பட்ட கதை. 1941இல் அங்குள்ள தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் இதே கோரிக்கை முன்வைக்கப்பட்டது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரைமார் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டிய கட்டாயம் ஒழியவேண்டும் என்பவையும் பட்டியலில் இருந்தன. மே மாதம் நாதன் கைதானார். போராட்டம் பரவியதும் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படத்தில் நாதன் பெயர் வரவில்லை, காலமும் பிற்பட்டது. சிறையில் கபாலி கையில் இருக்கும் புத்தகம் ஒய். பி. சத்தியநாராயணாவின் 'மை ஃபாதர் பாலையா'. தெலங்கானா தலித் குடும்பமொன்றின் வரலாறு அது. இந்தப் புத்தகத்துக்கும் கபாலியின் கோட்டுக்கும் பின்னால் இரஞ்சித்தின் அம்பேத்கரியம் நிற்கிறது.

பின்னாளில் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறின. தோட்டக் குடியிருப்பான லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் ஒதுங்கின. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் ஒரு பகுதியைக் குண்டர் கும்பல்கள் இழுத்துக்கொண்டன. படத்தில் வரும், எண்ணால் அழைக்கப்படும் கும்பல்கள் இரஞ்சித்தின் கற்பனை அல்ல: 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலிலும் 04, 08, 36 போன்ற பெயர்களே நிறைந்திருந்தன. கபாலி அந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்துகிறார். தன் கடந்தகாலத்தை அவர்களிடமே சொல்கிறார்.

முடிவுதான் அதிகம் விவாதிக்கப்பட்டது. அந்தப் பள்ளி மாணவன் டைகர், போலீசாரின் ஏற்பாட்டில் கபாலியை நெருங்குகிறான். திரை இருள, ஒரு வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. சுட்டது யார், விழுந்தது யார் என்பதைப் படம் சொல்லாமல் விடுகிறது. மலேசியப் பிரதியில் இந்தக் கேள்விக்கு இடமில்லை: கபாலி போலீசில் சரணடைந்ததாகத் திரையில் எழுத்து ஓடியது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி ஒருவரும் மயிலாப்பூர்வாசி ஒருவரும் இந்தப் படத்தைப் பற்றி வாதிட்டால், இருவரும் பார்த்தது ஒரே படமா என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதே உலகத்தை உள்ளூரிலிருந்து சொன்ன படம் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 2015 டிசம்பரில், கபாலிக்கு ஏழு மாதம் முன்பே வந்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதில் கோட்டு போட்ட தலைவர் எவரும் இல்லை. அப்பாவின் அடிக்கும், கும்பலில் இருக்கும் சித்தப்பாவின் கவர்ச்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அப்போய் என்ற சிறுவன்தான் நாயகன்.