தலமரம் நின்ற இடம்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் பெருவழியில் அமைந்த அன்னூரில் மன்னீசுவரப் பெருமான் எழுந்தருளியுள்ளார். அன்னி என்னும் வேடன் வள்ளிக்கிழங்கு அகழ்ந்தபோது மண்ணுள்ளிருந்து இறைவன் வெளிப்பட்டான் என்பது தல வரலாறு. ஊர்ப்பெயரையும் அவனோடு இயைத்தே பெரியோர் கூறுவர். தலமரம் வன்னி. குழி அகழ்ந்ததனால் விளக்கமுற்ற இத்தலத்தில், குழி ஒன்றைப் பற்றியே சில சொல்ல விழைகின்றோம்.

திருக்கோயில் நந்தவனங்களில் முதிர்ந்த மரம் பட்டுப்போவது இயல்பு. பேரூரில் இறவாப்பனை உண்டு. எல்லாத் தலங்களும் அப்பேறு பெற்றவை அல்ல. அடிக்கட்டையைப் பெயர்த்தெடுத்தவுடன், குடமுழுக்கு நாளுக்குள் அவ்விடத்தே புதுக்கன்று நிற்றல் வேண்டுமென்று அன்பர்கள் விரைவதுண்டு. அவ்விரைவு பக்தியின்பாற்பட்டதே; மண்ணுக்குத்தான் அது ஒவ்வுவதில்லை.

உலகறிந்த சான்று புத்தகயையின் அரசமரம். ஏழாம் நூற்றாண்டில் கௌட மன்னன் சசாங்கன் அதனை வெட்டி, வேரையும் தோண்டி எரித்தான் என்றும், மகத மன்னன் பூர்ணவர்மன் ஆவின் பால் பெய்து போற்ற, எஞ்சிய வேரிலிருந்து அது மீண்டும் தளிர்த்தது என்றும் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியுள்ளார். 1811இல் புக்கானன் கண்டபோது அங்கு நின்ற மரம் செழிப்புடன் இருந்தது. 1862இல் கன்னிங்காம் கண்டபோதோ பெரிதும் நலிந்திருந்தது. 1876இல் புயலில் சாய்ந்தே விட்டது. ஆயினும் வழி அற்றுப்போகவில்லை. அம்மரத்தின் விதையில் முளைத்த கன்றுகள் முன்னரே வளர்ந்து நின்றன. 1881இல் அவர் நட்ட கன்றே இன்று பெருமரமாய் விளங்குகிறது. இலங்கை அநுராதபுரத்து மாபோதியும், கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் புத்தகயையிலிருந்து சென்ற கிளை என்பர். மரம் மாயினும் அதன் மரபு மாயாதிருக்கச் செய்தவர், அது உயிரோடிருந்தபோதே கன்று வளர்த்தவர்களே.

இனி, குழியின் செய்தி. மண்ணில் எஞ்சிய வேர்கள் மட்கும்பொழுது, அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே தழைச்சத்தைக் கவர்ந்துகொள்ளும். இளங்கன்று வெளிறி நிற்கும். வேர் மட்கிய இடம் உள்வாங்கக் கன்று சாயும். பழைய மரத்தை மாய்த்த வேரழுகல் நோய் அங்கேயே தங்கியிருத்தலும் கூடும். ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர், மரம் நடுமுன் நிலத்தில் எள் விதைத்து, அது பூத்ததும் அதனை மண்ணிலேயே மிதித்து மடக்குக என்று பிருகத் சம்கிதையில் விதித்தார். நம் உழவர் சணப்பையும் கொழிஞ்சியும் விதைத்து மடக்கி உழுவதும் இந்நெறியே. ஆதலின் வேர்த்துண்டுகளை இயன்றவரை பொறுக்கி, புதுமண்ணும் தொழுவுரமும் இட்டு, ஒரு மழைக்காலமேனும் குழியை ஆறவிடுதல் நன்று. அங்ஙனம் காத்திருக்க இயலாதெனில், சில அடி தள்ளி நடலாம்.

வன்னிக்குத் தனிச்செய்தி ஒன்றுண்டு. வெட்டுண்ட அடியிலிருந்து மீளத் துளிர்க்கும் இயல்பினது அது. எனவே உயிருள்ள அடிக்கட்டையை அவசரப்பட்டுப் பெயர்க்கலாகாது. முற்றிலும் பட்டதாயின், அதே மரத்தின் வழிவந்த கன்று அருகில் உண்டா எனத் தேடுக. சந்தையில் வாங்கும் கன்று அதன்பின்னரே. முற்றிய காய்களைச் சேர்த்து, விதையின் தோல் கடினமாதலின் ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்கலாம். ஆணிவேர் ஆழச் செல்வதால் நீண்ட பையில் வளர்த்தல் வேண்டும். நன்கொடையாளர் கல்தளம் பரப்ப முன்வருவாராயின், மரத்தைச் சுற்றி மண்தரை விடும்படி சிற்பியிடம் முன்னதாகவே சொல்லிவைத்தல் அவர் கடன்.