முற்றத்துப் பட்டறை

கருவிகளின் வரலாறு என்றவுடன் நம் நினைவு நீராவி எஞ்சினுக்கும் பெரிய ஆலைகளுக்கும் ஓடுகின்றது. யானோ இன்று ஒரு வீட்டு முற்றத்தைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். அம்முற்றம் கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் உள்ளது. அரிவாள், கொத்து, உரல், உலக்கை, முறம், திருகை என ஆறேழு பொருள்களே அங்குக் கிடந்தன. ஆயினும், மனிதன் தனக்கேற்ற கருவியை எவ்வாறு தேர்ந்தான், எவ்வாறு திருத்தினான், எவ்விடத்தில் தவறினான் என்பவற்றை அம்முற்றமே எனக்குக் கற்பித்தது.

எனக்கும் வீட்டுப் புறக்கடையில் ஒரு சிறு பட்டறை உண்டு. மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கின்றதே என்று வாங்கிய துளைப்பான்களும் இழைப்புளிகளும் அங்குப் பல. அவற்றுள் நாள்தோறும் கைக்கு வருவன ஐந்தே. மற்றவை துருவேறிக் கிடக்கின்றன. அந்த வெட்கத்தோடுதான் யான் மலை ஏறினேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

கொல்லிமலை 1997-ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்குமுன் சேலம் மாவட்டத்தில் இருந்தது. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மலைமேல் ஊர்த்தொகுதிகளை ‘நாடு’ என்று வழங்குவர். அறப்பளீசுவரர் கோயில் அமைந்திருப்பது வளப்பூர் நாட்டில். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரோடு அவர்களுக்கு உள்ளது பெயர் ஒற்றுமையே; அவர்கள் பேசும் மொழி தமிழ்.

இம்மலையின் பழமை ஓரியின் வில்லோடு தொடங்கிவிடவில்லை. கொல்லி, சேர்வராயன் முதலிய மலைகளில் புதிய கற்காலத்துக் கைக்கோடரிகள் கிடைத்துள்ளன. கரிய, கடினமான கல்லை முதலில் சில்லு சில்லாகப் பெயர்த்து வடிவு கொடுத்தனர். பின் கொத்திக் கொத்திச் சமன் செய்தனர். இறுதியில் பாறையில் நீர் விட்டுத் தேய்த்து வாய் தீட்டினர். முனை மழுங்கினால் எறிந்துவிடவில்லை. மீண்டும் தேய்த்துக் கூராக்கினர். கருவியைத் திருத்தும் கலை அன்றே பிறந்துவிட்டது. பின்னாளில் அக்கோடரிகளை நிலத்தில் கண்டெடுத்த மக்கள், அவை கருவிகள் என்பதை மறந்து, சிறு கோயில்களில் வைத்து வழிபடலாயினர். முன்னோரின் உழைப்புக்கு இதனினும் பெரிய மரியாதை வேறு உண்டோ?

கல்லுக்குப்பின் இரும்பு வந்தது. சேலத்துச் சீமை இரும்புக் கனியத்திற்குப் பெயர் பெற்றது. களிமண்ணால் ஆகிய சிறு உலை, தோலால் ஆகிய இரு துருத்தி, மரக்கரி ஆகிய மூன்றையும் கொண்டு நம் கொல்லர் இரும்பு உருக்கினர். அவ்விரும்புத் துண்டுகளை ஆவாரம் விறகோடும் பச்சிலையோடும் மண்குகையில் இட்டு மூடிக் காய்ச்சி, உயர்ந்த எஃகும் ஆக்கினர். 1830-களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலத்துக் கனியத்தைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் பேராலை ஒன்று நடத்தினார். மரக்கரியை விழுங்கிய அவ்வாலை சில பத்தாண்டுகளில் நின்றுபோயிற்று. ஊர்க்கொல்லனோ, தேய்ந்த கொத்துக்குப் புதுமுனை வைத்து அடித்து, நீரில் தோய்த்துப் பதம் ஏற்றித் தந்துகொண்டே இருந்தான். பெருமை ஆலைக்கு இருந்தது. பழுது பார்க்கும் ஆற்றல் பட்டறைக்கு இருந்தது.

இனி, உரலுக்கும் உலக்கைக்கும் வருவோம். கொல்லிமலையின் பழைய உணவு சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியன. இவற்றுள் கேழ்வரகு எளியது. அதற்குக் கடினமான உமி இல்லை. திருகையில் இட்டு அரைத்தால் மாவாகிவிடும். சாமை அத்தகையதன்று. மணி மிகச் சிறிது. உமி வழுவழுப்பாகவும் இறுக்கமாகவும் அதனைப் பற்றியிருக்கும். காயவைத்து, உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாதவற்றை மீண்டும் குத்த வேண்டும். ஒரு குடும்பத்தின் ஒருவேளைச் சோற்றுக்கு இவ்வளவு பாடு. அப்பாடு பெரும்பாலும் பெண்களுடையது.

நம் முன்னோர் இப்பாட்டை அறியாதவர் அல்லர். உலக்கை பிடித்த மகளிர் பாடும் வள்ளைப்பாட்டு நம் இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளது; கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் அதனைக் காணலாம். உலக்கையின் நுனிக்கு இரும்புப் பூண் கட்டியதும் ஒரு திருத்தமே. மரம் பிளவாமல் காத்தது. ஆனால், பாட்டும் பூணும் தோளின் நோவைத் தீர்த்துவிடவில்லை.

அந்த முற்றத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். சாமை பயிரிடுவதை ஏன் குறைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். “தம்பி, சாமைச் சோறு எங்களுக்கு வெறுக்கவில்லை, உலக்கைதான் வெறுத்துப் போயிற்று” என்றார். அறிஞர் பலர் பல பக்கங்களில் எழுதக்கூடியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

வேறு காரணங்களும் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரவு தடைப்பட்டபோது, சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் வேரூன்றியது. அத்தொழில் வளர வளர, மரவள்ளிக்கிழங்குக்கு விலை கிடைத்தது. காலப்போக்கில் மரவள்ளி மலைமேலும் ஏறியது. சாமைக் கொல்லைகள் சுருங்கின. கையில் பணம் வந்தது. கீழிருந்து அரிசியும் வந்தது. குத்த வேண்டிய தானியத்தைவிட, குத்திய அரிசி எளிதன்றோ?

பொறி இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பொறி இருந்தது; நெல்லுக்கு ஏற்ற பொறி இருந்தது. பிரேசில் நாட்டு எங்கல்பெர்க் என்பவரின் பெயரால் வழங்கும் உருளைப் பொறி 1880-களில் தோன்றி, உலகமெங்கும் நெல் குற்றப் பயன்பட்டது. அதில் சாமையை இட்டால், ஒரு பகுதி உமியோடே வெளிவரும். மற்றொரு பகுதி நொறுங்கிக் குறுநொய்யாகும். குற்றம் பொறியினுடையது அன்று, சாமையினுடையதும் அன்று. பிறருடைய தேவைக்கு அமைந்த கருவியை நம் வேலைக்கு இழுத்ததே குற்றம். என் பட்டறையில் துருவேறிக் கிடந்த துளைப்பான்கள் அப்போது நினைவுக்கு வந்தன.

வீட்டுக் கருவிக்கு இலக்கணம் வகுத்தவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் தூண்டுதலால், அகில இந்திய நூற்போர் சங்கம் சிறந்த இராட்டைக்கு 1 இலட்ச ரூபாய்ப் பரிசு அறிவித்தது. விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது; குடிசையில் வைத்து இயக்கக் கூடியதாகவும், எளிதில் எடுத்துச் செல்லக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும்; ஒரு பெண் மிகுந்த வருத்தமின்றி 8 மணி நேரம் நூற்க வேண்டும்; 20 ஆண்டு உழைக்க வேண்டும்; ஆண்டுப் பழுதுச் செலவு விலையில் நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டலாகாது. இவை அதன் நிபந்தனைகளுள் சில. பரிசை எவரும் பெறவில்லை. ஆயினும், பிற்காலத்தில் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் ஆக்கிய இராட்டை, அவர் பெயரின் ஒரு பகுதியைத் தாங்கி, ‘அம்பர் சர்க்கா’ என நாடெங்கும் பரவியது. பரிசைவிட அந்நிபந்தனைகளே எனக்கு அரிய செல்வமாகத் தோன்றுகின்றன. வாங்குபவரின் கையும், பையும், நாளும் அவற்றில் எண்ணப்பட்டுள்ளன.

அவ்வெண்ணத்தின் சாயலைக் கொல்லிமலையிலும் காணலாம். 1988-இல் சென்னையில் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. விதை காப்பதோடு நின்றால் பயிர் நிலைக்காது, உலக்கையின் பாரமும் இறங்க வேண்டும் என்பது அப்பணியில் தெளிவாயிற்று. ஊர்களில் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் சிறு அரைவைப் பொறிகள் அமைந்தன. சிறுதானியத்துக்கென்றே ஆகிய பொறியின் வேலைமுறை ஒன்று எளியது: சுழலும் தட்டின் நடுவே மணிகள் விழும், சுழற்சி அவற்றைச் சுற்றுச்சுவரில் வீசியெறியும், அந்த மோதலில் உமி வெடிக்கும், காற்று அதனை ஊதித் தள்ளும். உலக்கை மேலிருந்து அடித்ததை இது பக்கவாட்டில் அடிக்கின்றது. முறம் புடைத்ததை விசிறி செய்கின்றது. பழைய கருவிகள் இரண்டும் மறையவில்லை. ஒரு பெட்டிக்குள் புகுந்துகொண்டன.

அதற்கும் திருத்தம் வேண்டும். மணலும் கல்லும் கலந்த தானியம் பொறியைக் கெடுக்கும். பெரிய மணியும் சிறிய மணியும் கலந்திருந்தால் ஒன்று நொறுங்கும், மற்றொன்று உமியோடு தப்பும். முதலில் சலித்துத் தரம் பிரித்தல் நன்று. தேய்ந்த உறுப்பை மாற்ற ஆள் இல்லையெனில், 70 வளைவுகளுக்கு மேலே பொறி வெறும் இரும்பே. ஆகவே, பொறியை வாங்குவது பாதி வேலை. அதனைப் பேணும் கையைப் பழக்குவது மறுபாதி.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்தார் சாமையின் சிறப்பைப் பேசுகின்றோம், நல்லது. அச்சாமை நம் தட்டுக்கு வரும் வழியில் யாருடைய தோள் நொந்தது என்பதையும் கேட்போமாக. தானியத்தைப் போற்றி உலக்கையை மறப்பது அரைகுறை அன்பு.

மலையிலிருந்து இறங்கியபின் யான் ஒரு காரியம் செய்தேன். என் பட்டறையில் பயனின்றிக் கிடந்தவற்றை, அவற்றை ஆளத் தெரிந்த ஒரு தச்சரிடம் கொடுத்துவிட்டேன். எஞ்சிய ஐந்தையும் எண்ணெயிட்டுத் தீட்டி வைத்தேன். இனி ஒன்றை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்பதென்று முடிவு செய்திருக்கின்றேன்: இது எந்தக் கையின் நோவைத் தீர்க்கும்? பழுதுற்றால் யார் சரிசெய்வர்? முனை மழுங்கினால் மீண்டும் தீட்ட இயலுமா? கற்கோடரியைத் தேய்த்த முன்னோன் பாறையருகே அமர்ந்து கேட்டதும் இவற்றையே என்று எண்ணுகின்றேன்.