விமானத்தைக் காக்கும் மெல்லிய மேலாடை

படிவம் நான்கு மாணவர்களோடு ஒரு வாசிப்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், அலுமினியம்தான் துருப்பிடிக்காதே, அப்புறம் எதுக்கு விமானத்துக்குப் பூச்சு?" நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

சுத்தமான அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். எளிதில் அரிக்காது, ஆனால் மென்மையானது. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் 1906 வாக்கில் செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிரவைத்தால் அது நாளடைவில் உறுதியாவதைக் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் டியூராலுமின். பலம் கூடியது, ஆனால் அந்தச் செம்பே வினையானது. உப்பு ஈரம் பட்டால் உலோகம் உள்ளுக்குள் அரித்தது.

கடலில் இறங்கும் விமானங்களுக்கு இது பெரிய தலைவலி. 1923இல் பிரிட்டனில் பெங்கோவும் ஸ்டுவர்ட்டும் குரோமிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்தி அந்த ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்கினார்கள். 1927இல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தைச் சேர்ந்த டிக்ஸ் 'ஆல்கிளாட்' தகட்டை அறிமுகப்படுத்தினார். டியூராலுமினின் இரு பக்கமும் சுத்த அலுமினிய அடுக்கு. கீறல் விழுந்தாலும் மேல் அடுக்கு முதலில் தான் அரிபட்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துத்தநாகக் குரோமேட் பூச்சு பரவலானது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

1988 ஏப்ரல் 28. ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹோனலுலு சென்ற அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737, சுமார் 24,000 அடி உயரத்தில் பறந்தபோது அதன் கூரையின் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போனது. விமானத்துக்கு வயது 19. அது 89,000 தடவைக்கு மேல் பறந்திருந்தது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் பசை விட்டுப்போய், ஈரம் புகுந்து, அரிப்பும் விரிசலும் வளர்ந்திருந்தன. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் விமானத்தை மாவியில் பத்திரமாக இறக்கியதால் மற்ற 94 பேரும் பிழைத்தார்கள்.

பராமரிப்புச் சோதனையில் அந்தச் சேதம் பிடிபடவில்லை என்றது விசாரணை அறிக்கை. இன்னொன்றும் தெரியவந்தது. விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி வெளிப்புறத்தில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

இதைச் சொன்னதும் வகுப்பே அமைதியானது. பூச்சு நமக்குக் கால அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். பார்க்கிற கண்ணும் சொல்கிற வாயும் நம்முடையவை. ஆசிரியர்களே, "அந்தப் பயணி ஏன் பேசவில்லை?" என்று உங்கள் மாணவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். கலந்துரையாடலுக்கு அந்த ஒரு கேள்வியே போதும்.